சாந்தி ஓடி முடித்த பிறகு

(செங்கல்பட்டில் மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கூடிய கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சின் போக்கு பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



கவிதை பற்றிப் பேசச் சொல்லித்தான் என்னை அழைத்தார்கள். வந்து பார்த்தால் முன்வரிசையில் பாதிப்பேர் காலேஜ் பனியனோடு, ஸ்போர்ட்ஸ் ஷூவோடு உட்கார்ந்திருக்கிறீர்கள். கவிதை இன்னொரு நாளைக்கு இருக்கட்டும். இன்றைக்கு ஓட்டத்தைப் பற்றிப் பேசலாம். புதுக்கோட்டை சாந்தி சௌந்தரராஜன் ஓடிய ஓட்டத்தைப் பற்றி, அதைவிட அதிகமாக, அவர் ஓடி முடித்த பிறகு நடந்ததைப் பற்றி.

'விளையாட்டுல சாதி கிடையாது, திறமை மட்டும்தான்' என்கிற வசனத்தை ஒவ்வொரு ஆண்டு விழாவிலும் கேட்டிருப்பீர்கள். பரிசு கொடுக்க வருகிற பெரிய மனிதர் இதைச் சொல்லாமல் மைக்கை விடமாட்டார். இதில் பாதி உண்மை. ஸ்டாப்வாட்சுக்குச் சாதி தெரியாது. நீ ஊர்த்தெருவா, காலனியா என்று அது கேட்பதில்லை. நம்ம பிள்ளைகளுக்கு ஓட்டம் பிடிப்பதே அதனால்தான். வகுப்பில் வாத்தியார் மார்க்கைக் குறைக்கலாம். இன்டர்வியூவில் அப்பா பேரைக் கேட்டுவிட்டு அடுத்து ஊரைக் கேட்கலாம். நூறு மீட்டரில் முதலில் வந்தவளை ரெண்டாவதாக வந்தாள் என்று எழுதுவது அவ்வளவு சுலபமில்லை.

ஆனா அந்தக் கடிகாரம் எவ்வளவு நேரம் ஓடுது? 2006 டிசம்பரில், தோகா ஆசிய விளையாட்டுப் போட்டியில், பெண்கள் 800 மீட்டரில் சாந்திக்காக அது ஓடினது இரண்டு நிமிடம் 3.16 விநாடி. அவருக்கு அப்போது வயது 25. அந்த இரண்டு நிமிடத்துக்கு முன்னால் கிடந்த 25 வருஷத்துக்குக் கடிகாரம் இல்லை. அதுக்குப் பின்னால் வந்த வருஷங்களுக்கும் இல்லை. சாதி நிற்கிற இடம் இந்த ரெண்டு பக்கமும்தான்.

இது புதுசும் இல்லை. பல்வங்கர் பாலு என்று ஒரு பந்து வீச்சாளர், சாமர் சமூகத்துக்காரர், நூறு வருஷத்துக்கு முன்னால் பூனாவில் ஆடினவர். 1911-இல் இங்கிலாந்துக்குப் போன இந்திய அணியில் நூறு விக்கெட்டுக்கு மேல் எடுத்தார். பூனாவில் அவர் போட்ட பந்தை மேல்சாதி ஆட்டக்காரர்கள் கையால் பிடித்தார்கள், தூக்கிப் போட்டார்கள். தேநீர் இடைவேளையில் அவருக்கு மட்டும் வெளியே, மண் குவளையில் டீ. பந்துக்குத் தீட்டு இல்லை, குவளைக்கு உண்டு! இந்துக்கள் அணிக்குக் கடைசிவரை அவரைக் கேப்டன் ஆக்கவில்லை. ஆட்டத்துக்குள்ளே விடுவான், ஆட்டத்தைச் சுற்றியிருக்கிற அதிகாரத்துக்குள்ளே விடமாட்டான். இந்தக் கணக்கை மனசில வச்சுக்கிட்டு சாந்திகிட்ட வருவோம்.

கத்தக்குறிச்சி, புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரு கிராமம். சாந்தி 1981-இல் பிறந்தவர். தலித் குடும்பம். அம்மா அப்பா இரண்டு பேரும் செங்கல் சூளைத் தொழிலாளிகள். சூளை என்றால் என்னவென்று செங்கல்பட்டுக்காரர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. நம்ம ஊர்ப் பெயரில் இருப்பது செங்கல் இல்லை, செங்கழுநீர்ப் பூ என்று பெயராராய்ச்சி செய்பவர்கள் சொல்வார்கள். சொல்லட்டும். இந்தப் பக்கமும் திருவள்ளூர்ப் பக்கமும் உள்ள சூளைகளில் சேறு மிதித்து, கல் அறுத்து, முன்பணத்துக்குக் கட்டுப்பட்டுக் கிடந்த குடும்பங்களுக்குத் தெரியும் அந்தப் பெயரில் என்ன இருக்கிறதென்று. பெற்றவர்கள் வேலைக்குப் போய்விட்டால் வீட்டில் மூத்த பெண்தான் தாய். சாந்தி மூத்தவர். தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொண்டவர்.

ஓடக் கற்றுக்கொடுத்தது தாத்தா. அவரும் ஓட்டக்காரர். குடிசைக்கு வெளியே கிடந்த மண்தரைதான் டிராக். 13 வயதில் அந்தத் தாத்தா வாங்கித் தந்ததுதான் முதல் ஷூ. எட்டாம் வகுப்பில் முதல் போட்டி. பரிசு ஒரு தகரக் கோப்பை. பிறகு பள்ளிகளுக்கிடையிலான போட்டிகளில் வரிசையாகக் கோப்பைகள். பக்கத்து மேல்நிலைப் பள்ளி விளையாட்டுப் பயிற்சியாளர் பார்த்தார், தங்கள் பள்ளிக்கு அழைத்துக்கொண்டார். ஃபீஸ், யூனிஃபார்ம், மதியச் சாப்பாடு பள்ளிக்கூடத்தின் பொறுப்பு. அதற்குப் பிறகுதான் மூன்று வேளையும் சாப்பிட்டேன் என்று சாந்தி பின்னாளில் சொன்னார். யோசித்துப் பாருங்கள். அரை வயிற்றோடு ஓடி ஜெயித்த பிள்ளை அது. அதற்கப்புறம் புதுக்கோட்டையில் கல்லூரி, விளையாட்டு உதவித்தொகையில். அடுத்து சென்னையில் கல்லூரி.

இந்த ஏணி உங்களுக்குத் தெரிந்த ஏணிதான். வட்டாரப் போட்டி, மாவட்டம், மாநிலம், பல்கலைக்கழகம். ஒவ்வொரு படியிலும் ஒரு சர்டிஃபிகேட். அது கல்லூரியில் ஒரு சீட், ஹாஸ்டலில் ஒரு கட்டில், கடைசியில் ரயில்வேயிலோ போலீஸிலோ பேங்கிலோ ஒரு வேலை. பணக்கார வீட்டுப் பிள்ளைக்கு ஓட்டம் ஒரு பொழுதுபோக்கு. நமக்கு அது ரேஷன் கார்டு மாதிரி. நான் வேலை பார்த்த ஒரு கிளையில் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வந்தவரைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் நிமிர்ந்து உட்காருவார்கள். 'ஸ்டேட் பிளேயர் சார்!' அதே மேசையில் என்னைப் பார்த்து, 'நீங்க கோட்டாவா?' என்று கேட்கும்போது குரல் இறங்கிவிடும். அதே வார்த்தைதான். ஒரு பக்கம் மாலை, ஒரு பக்கம் இளக்காரம். சாந்தி மாதிரிப் பிள்ளைக்கு இந்த ரெண்டும் ஒரே கழுத்தில் விழுகிறது.

ஏணி வைப்பதற்கே முதலில் தரை வேண்டும். ஓட இடம் எங்கே? இதை இந்த மாவட்டத்தில் நின்று கேட்கிறேன். 1891-இல் செங்கல்பட்டு கலெக்டராக இருந்த ட்ரெமென்ஹீர் பறையர்களின் நிலைமை பற்றி அறிக்கை எழுதினார். அதிலிருந்துதான் பஞ்சமி நிலம் வந்தது. அந்த நிலம் கைமாறிப் போன கதையும் உங்களுக்குத் தெரியும். அதைத் திருப்பிக் கேட்ட காரணைப் போராட்டத்தில், 1994 அக்டோபர் 10-ஆம் தேதி, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் உயிர்விட்டார்கள். நிலம் என்றால் பயிர் வைக்கிற நிலம் மட்டுமில்லை தோழர்களே. பிள்ளை ஓடுகிற நிலமும் அதில் சேர்த்தி. ஊர்ப் பொதுத்திடலில் நம்ம பிள்ளை கால் வைத்தால் முறைக்கிறான். அப்புறம் ஏரிக்கரைதான், ரோட்டோரம்தான். சாந்தி ஓடிப் பழகினது குடிசை வாசலில் என்பதை ஏழைப்பிள்ளையின் சாதனைக் கதையாகப் பத்திரிகைக்காரன் எழுதுவான். நாம் அதை நில விவகாரமாகப் படிக்க வேண்டும்.

இத்தனையும் தாண்டித்தான் அவர் வந்தார். 2005-இல் தென்கொரியாவில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில் 800 மீட்டர் வெள்ளி. அடுத்த வருஷம் தோகாவில் வெள்ளி. மூன்றாவதாக வந்த கஜகஸ்தான் வீராங்கனைக்கும் அவருக்கும் வித்தியாசம் 0.03 விநாடி. கண்ணிமைக்கிற நேரம்கூட இல்லை.

அதற்குப் பிறகு அவரைப் பரிசோதனைக்கு அழைத்துப் போனார்கள். ஊக்கமருந்துப் பரிசோதனை இல்லை. அவர் பெண்தானா என்கிற பரிசோதனை. என்ன பார்க்கிறார்கள், எதற்குப் பார்க்கிறார்கள் என்று அவருக்குப் புரிகிற பாஷையில் சொல்ல ஆளில்லை. ஊருக்குத் திரும்பின பிறகு ஒரு அதிகாரி போனில், இனிமேல் நீ போட்டியில் ஓட முடியாது என்றார் என்று சாந்தி பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். மிச்சத்தை டி.வி. சொன்னது. பதக்கம் பறிக்கப்பட்டது. ஒரு பெண்ணின் உடம்பு பற்றிய அந்தரங்கம் நாடு முழுக்கத் தலைப்புச் செய்தி ஆனது.

நம்ம பக்கத்தில் நடந்த ஒன்றைச் சொன்னால் இது விளங்கும். 2021-இல் மாமல்லபுரம் கோயில் அன்னதானத்தில் ஒரு நரிக்குறவப் பெண்ணைப் பந்தியில் உட்கார விடாமல் விரட்டினார்கள். அந்தப் பெண் கேமரா முன்னால் நின்று பேசினார். பேச்சு ஊரெல்லாம் பரவிற்று. அமைச்சர் வந்து பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார். முதலமைச்சர் பூஞ்சேரிக்கே வந்து பட்டா கொடுத்தார். அடுத்த வருஷம் அதே பூஞ்சேரியில்தான் உலக செஸ் ஒலிம்பியாட் நடந்தது. சாந்திக்கு நடந்தது இதைவிடக் கொடுமை. பந்தியில் உட்காரவைத்து, இலை போட்டு, சோறும் போட்டு, எல்லோரும் பார்க்க எழுப்பி அனுப்பினார்கள். நரிக்குறவப் பெண்ணுக்குப் பேச ஒரு கேமரா கிடைத்தது. சாந்தியைப் பற்றி எல்லா கேமராவும் பேசின. சாந்தி பேச ஒரு விசாரணை மேடைகூட இல்லை.

பேங்க்ல நாங்க ஒரு கணக்கை முடக்கினால் வாடிக்கையாளர் நேரே கவுண்டருக்கு வருவார். 'எந்த உத்தரவு? யார் போட்டது? நகல் குடு' என்று சத்தம் போடுவார். பதில் சொல்லியாக வேண்டும். மேலே புகார் கொடுக்கலாம், ஆம்பட்ஸ்மேன் இருக்கிறார், கோர்ட் இருக்கிறது. ஐந்நூறு ரூபாய்க் கணக்குக்கு இவ்வளவு மரியாதை! ஒரு மனுஷியின் வாழ்க்கையை முடக்க ஒரு போன் போதுமானதாக இருந்தது.

சாந்தியின் மருத்துவ அறிக்கையில் என்ன இருக்கிறது என்று நான் பேசப்போவதில்லை. அது அவர் உடம்பு. பொதுவாக ஒன்றை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். எக்ஸ்.எக்ஸ். என்றால் பெண், எக்ஸ்.ஒய். என்றால் ஆண் என்று பாடப்புத்தகத்தில் படிக்கிறோம். இயற்கை அவ்வளவு நறுக்காகக் கோடு போடுவதில்லை. பெண்ணாகவே பிறந்து, பெண்ணாகவே வளர்ந்து, குரோமோசோம் மட்டும் வேறாக உள்ளவர்கள் உண்டு. சிலருக்கு உடம்பில் டெஸ்டோஸ்டிரோன் சுரந்தாலும் செல்கள் அதை ஏற்பதே கிடையாது. இதில் ஏமாற்று எதுவும் இல்லை. பெரும்பாலும் பரிசோதனை செய்கிற நாள்வரை அவர்களுக்கே தெரியாது.

ஸ்பெயின் நாட்டுத் தடை ஓட்ட வீராங்கனை மரியா ஹோசே மார்ட்டினெஸ் பட்டீன்யோ. 1985-இல் ஜப்பானில் நடந்த உலகப் பல்கலைக்கழகப் போட்டியில், உங்களை மாதிரிக் கல்லூரிப் பிள்ளைகள் ஓடுகிற போட்டி அது, அவரை நிறுத்தினார்கள். அவர் சண்டை போட்டார். மருத்துவர்கள் துணை நின்றார்கள். 1988-இல் ஓடும் உரிமை திரும்பக் கிடைத்தது. எல்லாப் பெண்களுக்கும் கட்டாயப் பரிசோதனை என்பதை சர்வதேசத் தடகள சம்மேளனம் 1992-இல் கைவிட்டது. ஒலிம்பிக் கமிட்டி 1999-இல் கைவிட்டது. சந்தேகம் வந்தால் பார்க்கலாம் என்பதை மட்டும் மிச்சம் வைத்தார்கள். தோகாவில் சாந்தி மேல் விழுந்தது அந்த மிச்சம்தான்.

சந்தேகம் யார் மேல் வரும்? கேள்வி இதுதான். வெள்ளைத்தோல், நீளக்கூந்தல், மெல்லிய உடம்பு என்று 'பெண்மை'க்கு ஒரு படம் வைத்திருக்கிறார்கள். நம்ம ஊரில் அந்தப் படத்துக்கு மேல்சாதிச் சாயமும் உண்டு. சேறு மிதித்து, மண் சுமந்து, வெயிலில் காய்ந்த குடும்பத்துப் பெண் அந்தப் படத்துக்குள் அடங்கமாட்டாள். சுமை தூக்கும்போது 'ஆம்பளை மாதிரி வேலை செய்யுது' என்று பாராட்டுவான். அதே உடம்பு ஜெயித்தால் 'ஆம்பளையா இருக்குமோ' என்பான். தொட்டால் தீட்டு என்று நம் உடம்பைத் தள்ளிவைத்த சமூகத்துக்கு, அதே உடம்பைத் துணியவிழ்த்துச் சோதிக்க மட்டும் கூச்சமே கிடையாது.

இன்னொரு பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் நேர்மையில்லை. பெண்களுக்கென்று தனிப்பிரிவு வேண்டும். அது போராடிப் பெற்ற உரிமை. 0.03 விநாடியில் தோற்ற கஜகஸ்தான் பெண்ணும் வியர்வை சிந்தித்தான் வந்தாள். எந்த உடம்புக்கு எவ்வளவு சாதகம் என்று விஞ்ஞானிகளே இன்னமும் வாதாடுகிறார்கள். விதி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. விதி முன்கூட்டியே தெரிய வேண்டும். சோதிக்கிறவன் சம்மதம் கேட்க வேண்டும். முடிவு ரகசியமாக இருக்க வேண்டும். எதிர்த்துக் கேட்க ஒரு இடம் வேண்டும். பதக்கத்தைவிட மனுஷி பெரிசு என்கிற அறிவு வேண்டும். 2006-இல் சாந்திக்கு இதில் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை.

இவையெல்லாம் கிடைத்தால் என்ன ஆகும் என்பதற்கும் சாட்சி இருக்கிறது. 2009-இல் தென்னாப்பிரிக்காவின் காஸ்டர் செமன்யா பெர்லினில் 800 மீட்டர் தங்கம் வென்றார். அதே சந்தேகம், அதே பரிசோதனை. ஆனால் அவருடைய நாடே எழுந்து நின்றது. இது நிறவெறி என்று அரசாங்கமே பேசியது. பதக்கம் அவரிடமே இருந்தது. பிறகு வந்த புதிய விதிகளை எதிர்த்து அவர் கோர்ட் கோர்ட்டாக ஏறினார். அவருக்கு நியாயமான விசாரணை கிடைக்கவில்லை என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2025 ஜூலையில் தீர்ப்புச் சொன்னது.

2014-இல் ஒடிசாவின் தூத்தி சந்த். நெசவாளர் வீட்டுப் பெண், 100 மீட்டர், 200 மீட்டர் ஓட்டக்காரி. காமன்வெல்த் போட்டிக்கு முன்னால் அவரை நீக்கினார்கள். பயோஷ்ணி மித்ரா போன்ற ஆய்வாளர்கள் பக்கத்தில் வந்து நின்றார்கள். வக்கீல்கள் வந்தார்கள். வழக்கு சுவிட்சர்லாந்தில் உள்ள விளையாட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போயிற்று. 2015 ஜூலையில் அந்த விதியையே நிறுத்திவைத்தார்கள். 2016-இல் ரியோ ஒலிம்பிக்கில் தூத்தி ஓடினார். 2018 ஆசிய விளையாட்டில் இரண்டு வெள்ளி.

சாந்திக்கும் தூத்திக்கும் நடுவில் எட்டு வருஷம். திறமையில் வித்தியாசம் தேடாதீர்கள். பக்கத்தில் ஆள் இருந்தார்களா இல்லையா, அவ்வளவுதான். நான் இன்றைக்குச் சொல்ல வந்ததே இது ஒன்றுதான். சாந்தி டிராக்கில் தோற்கவில்லை. டிராக்குக்கு வெளியே, கூட ஆளில்லாத இடத்தில் தோற்கடிக்கப்பட்டார்.

அதற்குப் பிறகு அவர் என்ன செய்தார் என்பதையும் சொல்ல வேண்டும். தமிழ்நாடு அரசு, அன்றைக்குக் கலைஞர் முதல்வர், பதக்கம் பறிபோன பிறகும் அறிவித்த 15 லட்சம் ரூபாயைக் கொடுத்தது. அதை மறக்கக் கூடாது. அவமானம் தாங்காமல் 2007-இல் அவர் சாகத் துணிந்ததாகச் செய்தி வந்தது. மீண்டு வந்தார். கிராமத்துப் பிள்ளைகளைக் கூட்டி ஓடப் பயிற்சி கொடுத்தார். அவர் பழக்கிய பிள்ளைகள் போட்டிகளில் ஜெயித்தார்கள். ஆனால் நிலையான வேலை இல்லை. 2012-இல் அவர் செங்கல் சூளையில் 200 ரூபாய் தினக்கூலிக்கு வேலை செய்வதைப் பத்திரிகைகள் படத்தோடு போட்டன. ஆசிய வெள்ளி வென்ற கை, அம்மா அப்பா பிடித்த அதே அச்சைப் பிடித்தது. சத்தம் கிளம்பிய பிறகுதான் பெங்களூரில் பயிற்சியாளர் படிப்பு. அப்புறம் 2016-இல் தமிழ்நாடு அரசில் நிரந்தரப் பயிற்சியாளர் வேலை. மதுரை கோபி சங்கர் போன்றவர்கள் அவருக்காகக் குரல் கொடுத்ததும் அந்த வருஷம்தான். பதக்கம் திரும்பவில்லை.

இதே தமிழ்நாட்டில்தான் 2019-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, இடைப்பாலினக் குழந்தைகளுக்குப் பிறந்தவுடன் தேவையில்லாத அறுவை செய்யக் கூடாது என்று தீர்ப்பளித்தது. அரசும் ஆணை போட்டது. ஆகவே இங்கே ஒன்றும் நடக்காது என்று அலுத்துக்கொள்ளவும் வேண்டாம்.

இப்போது அவசரம் என்ன? 2025 செப்டம்பர் முதல் உலகத் தடகள அமைப்பு ஒரு புதிய விதி கொண்டுவந்திருக்கிறது. பெண்கள் பிரிவில் உலகத் தரவரிசைப் போட்டிகளில் ஓட வேண்டுமானால் ஒருமுறை மரபணுச் சோதனை செய்ய வேண்டும். எஸ்.ஆர்.ஒய். என்கிற மரபணு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். முன்பு சந்தேகம் வந்தவளுக்கு மட்டும் சோதனை, இனி மேலே போகிற ஒவ்வொருத்திக்கும். சந்தேகப்படுகிற கண்ணின் பாரபட்சம் இதில் குறையும் என்று வாதிக்கலாம். ஆனால் நாளைக்கு ஒரு சூளைத் தொழிலாளி மகளின் கையில் ஒரு லேப் ரிப்போர்ட் வரும். ஆங்கிலத்தில் வரும். அன்றைக்கு அவள் பக்கத்தில் யார் உட்கார்ந்திருப்பார்கள்?

அதனால் மாணவர்களுக்கு நான்கு வேலை சொல்கிறேன். உங்கள் ஊர் காலனிப் பிள்ளைகளுக்கு ஓட இடம் இருக்கிறதா, அரசுப் பள்ளியில் பி.டி. மாஸ்டர் இருக்கிறாரா என்று எழுதிக் கணக்கெடுங்கள். இல்லையென்றால் மனு கொடுங்கள், நிலக் கோரிக்கையோடு சேர்த்துக் கொடுங்கள். மேலே போகிற பெண் பிள்ளைகளுக்கு இந்த விதிகளைத் தமிழில், புரிகிற மாதிரி எடுத்துச் சொல்லுங்கள். சட்டம் படிக்கிறவர்களும் மருத்துவம் படிக்கிறவர்களும் உங்களில் இருக்கிறீர்கள், பிரச்சினை வருகிற அன்றைக்கே போய் நிற்க ஒரு சிறு குழுவாவது கட்டுங்கள். நான்காவது, சாந்தியின் பதக்கம். பரிதாபத்துக்காக இல்லை. கேட்காமல் கொடுத்த தீர்ப்பு தீர்ப்பே இல்லை என்கிற நியாயத்துக்காக அதைத் திரும்பக் கேளுங்கள். மத்திய விளையாட்டுத் துறைக்கும் இந்திய ஒலிம்பிக் சங்கத்துக்கும் ஒரு தபால் கார்டு எழுத எவ்வளவு நேரம் ஆகும்? இரண்டு நிமிடம் மூன்று விநாடியில் முடித்துவிடலாம்.

கேள்வி இருந்தால் கேளுங்கள். தங்கைகள் முதலில் கேட்கட்டும்.